ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி: தோற்றத்துக்குக் கெட்டி, அசைவுக்குச் சற்றே இளைப்பு

நாட்டியக் கச்சேரிகளுக்கு ஆங்கிலத்தில் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதித் தருவது என் வேலை. அரங்கேற்றத்தில் கொடுக்கும் கையேடு, மேடை ஓரத்தில் நின்று வாசிக்கும் அறிவிப்பு, வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்பும் அறிமுகம் எல்லாம் இதில் அடக்கம். ஆடுகிறவர் எப்படி இருக்கிறார், எப்படி அசைகிறார் என்ற இரண்டையும்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும் ஆங்கிலப் பெயரடைகளில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதே என் அன்றாடப் பிரச்சினை. அது இந்த அகராதியால் எவ்வளவு தீர்ந்தது, எங்கே தீரவில்லை என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 2015இல் வந்த 9ஆம் பதிப்பு. 2020இல் 10ஆம் பதிப்பும் வந்துவிட்டது. இதே அகராதியை இணையத்தில் காசு கொடுக்காமலும் பார்க்கலாம். நான் இரண்டையும் பயன்படுத்துகிறேன்.

வேர்டு மென்பொருளில் ஷிஃப்ட்டோடு எஃப்7 விசையை அழுத்தினால் இணைச்சொற்கள் வந்துவிடுகின்றனவே, அகராதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வருகின்றன, உண்மைதான். ஆனால் எது பாராட்டு, எது ஏச்சு என்று அந்த வரிசை சொல்லாது. பீட்டர் மார்க் ரோஜே 1852இல் வெளியிட்ட தெசாரஸும் அப்படித்தான்: சொற்களைக் கருத்துவாரியாகக் கூட்டிவைத்திருக்கும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று பேசாது. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது போதும். நாக்கு நுனியில் நிற்கும் சொல்லை எடுத்துக் கொடுத்தால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்ற நமக்கு அது பொறி. என்னிடம் திருத்தத்துக்கு வந்த ஓர் அரங்கேற்றக் கையேட்டில், ஆடப்போகும் பெண்ணின் அறிமுகத்தில் ‘ஸ்கின்னி’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் மனதார மெச்சித்தான் எழுதியிருந்தார். அமெரிக்காவிலிருந்து அரங்கேற்றத்துக்கென்றே பறந்துவந்த சித்தி அதை வாசித்திருந்தால், தன் அக்காள் மகளை யாரோ கேலி செய்திருக்கிறார்கள் என்றே நினைத்திருப்பார்.

இந்த இடத்தில்தான் ஆக்ஸ்ஃபோர்டு கைகொடுக்கிறது. ‘தின்’ என்ற சொல்லுக்குப் போனால், ஒருவர் ஒல்லியாக இருக்கிறார் என்பதை எப்படியெல்லாம் சொல்லலாம் என்று தனியே ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். புத்தகத்துக்குக் கொடுத்த காசு எனக்கு இந்த ஒரு கட்டத்திலேயே கழிந்துவிட்டது. ‘தின்’ எல்லாருக்கும் பொதுவான சொல். சில சமயம் நோயிலும் களைப்பிலும் இளைத்தவரைக் குறித்தும் வரும். ‘ஸ்லிம்’ பார்க்க நன்றாக இருக்கும் ஒல்லி. சாப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் கவனமாக இருந்து எடையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பெண்களைப் பற்றி அதிகம் வரும். நாம் ‘சிக்கென்று இருக்கிறாள்’ என்போமே, அது. ‘ஸ்லெண்டர்’ என்றால் ஒல்லியோடு நளினமும் சேர்ந்திருக்க வேண்டும். ‘லீன்’ ஆண்களுக்கு: ஒல்லி, ஆனால் உரமான உடம்பு. ‘வயரி’ இன்னும் ஒரு படி மேலே, முறுக்கேறிய உடம்பு. பார்த்தால் ஒன்றுமில்லை போலிருக்கும், பிடித்தால் விடாது. ‘ஸ்கின்னி’ அளவுக்கு மீறிய ஒல்லி, பெரும்பாலும் முகம் சுளித்துச் சொல்வது. ‘போனி’ ஆளைவிட உறுப்புகளுக்குப் பொருந்தும்: எலும்பு துருத்தும் கை, முட்டி. ‘அண்டர்வெயிட்’ மருத்துவர் வாயில் வருவது. ‘எமேசியேட்டட்’ சோறில்லாமல் வற்றிப்போனவருக்கு.

இதைப் படித்த பிறகு என் வேலை எப்படி மாறியது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். காரைக்கால் அம்மையாரை வைத்து ஒரு நாட்டிய நாடகம். அதற்கு அறிமுகம் எழுத வேண்டியிருந்தது. தசையை உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அம்மையார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் விலா எலும்பு தெரிய, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பார். அவரை ‘ஸ்கின்னி’ என்பது அவமரியாதை. ‘ஸ்லெண்டர்’ பொய். ‘எமேசியேட்டட்’ என்றால் பஞ்சத்தில் அடிபட்டவர் என்று ஆகிவிடும். அம்மையாருடைய மெலிவு அவரே விரும்பி ஏற்றது. கடைசியில் ஆளுக்கு அடைமொழி போடுவதை விட்டுவிட்டு, தாளம் பிடித்த கைகளுக்கு ‘போனி’ போட்டேன். வாக்கியம் சரியாக உட்கார்ந்தது. உறுப்புகளுக்குப் பொருந்தும் என்று அந்தக் கட்டத்தில் ஒரு வார்த்தை இல்லாவிட்டால் இந்த வழி எனக்குத் தோன்றியிருக்காது.

‘ஃபேட்’ என்ற சொல்லுக்கும் இதே போல் ஒரு கட்டம் உண்டு. நேருக்கு நேர் ஒருவரை அப்படிச் சொல்வது மரியாதை இல்லை என்பதையும் சொல்லிவிட்டு, ‘ஓவர்வெயிட்’ கொஞ்சம் நடுநிலை, ‘பிளம்ப்’ பூசினாற்போல, ‘சப்பி’ கொழுகொழு குழந்தைக்கு, ‘ஸ்டாக்கி’ குட்டையாக, அகலமாக, பலமாக இருப்பவருக்கு என்று பிரித்துக் கொடுக்கிறது. ‘ஸ்டாக்கி’யில் ஏச்சு இல்லை என்று தெரிந்தது பெரிய உபகாரம், குறவஞ்சியில் சிங்கன் வேடம் கட்டும் ஒருவருக்கு அப்படியே பொருந்தியது.

அழகுக்கான கட்டம் ‘பியூட்டிஃபுல்’ என்ற சொல்லின் கீழ் இருக்கிறது. பிரெட்டி, ஹேண்ட்சம், அட்ராக்டிவ், லவ்லி, கார்ஜியஸ் எல்லாம் அங்கே வரிசையில் நிற்கின்றன. ‘பிரெட்டி’ பெரும்பாலும் சிறுமிகளுக்கு. வளர்ந்த பெண்ணுக்குச் சொன்னால் சின்னச் சின்ன, மென்மையான முகஅமைப்பு, சிறுபெண் சாயல் என்று பொருள்படும். ‘ஹேண்ட்சம்’ ஆண்களுக்கு என்றுதான் நமக்குப் பாடம். அகராதியோ பெண்களுக்கும் வரும் என்கிறது: நுணுக்கமான முகமாக இல்லாமல், பெரிய, அழுத்தமான அங்கலட்சணம் கொண்ட பெண்ணாக இருந்தால். எழுபது வயதில் மேடையேறி, பதம் என்னும் அபிநயப் பாட்டை வெறும் புருவத்தால் தூக்கி நிறுத்தும் மூத்த கலைஞர்களை ‘பிரெட்டி’ என்று எழுதுவது எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும். அவர்களுக்குரிய சொல் இதுதான். ஆனால் நம் ஊர் வாசகர் சிலர் இதை அச்சுப்பிழை என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதால், சென்னைக் கையேடுகளில் தவிர்த்துவிட்டு லண்டனுக்கு அனுப்பும் குறிப்புகளில் மட்டும் வைக்கிறேன்.

‘ஹோம்லி’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாட்டியத்தைவிடக் கல்யாணத்தில் இது அதிகம் அடிபடுகிறது. நம் ஊர் மணமகள் விளம்பரங்களில் இது குடும்பப்பாங்கான பெண் என்ற பொருளில் தாராளமாக வரும். அகராதி இதை நாடுவாரியாகப் பிரித்துக் காட்டுகிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், அன்பாகப் பழகும், வீடும் குடும்பமுமாக மகிழ்ந்திருக்கும் பெண் என்ற பொருள் உண்டு. பாராட்டு என்றே குறித்திருக்கிறார்கள். நம் வழக்கு அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. வட அமெரிக்காவிலோ, முகலட்சணம் இல்லாதவள் என்று அர்த்தம். ஏச்சு என்ற குறியும் போட்டிருக்கிறது. டெக்சாஸில் பிறந்து வளர்ந்த மாப்பிள்ளைக்கு வரன் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். அங்கே மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் புரியும், மாப்பிள்ளைக்குப் புரியாது.

பாராட்டு, ஏச்சு என்ற இந்தக் குறிகள்தான் இந்த அகராதியின் உயிர். அது தற்செயலாக வந்ததில்லை. இதைத் தொடங்கிய ஏ. எஸ். ஹார்ன்பி 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். மாணவர்களுக்குச் சொல்லின் பொருள் தெரிகிறது, ஆனால் வாக்கியத்தில் வைக்கத் தெரியவில்லை என்பதை வகுப்பறையிலேயே பார்த்தவர். அவரும் கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இருவரும் சேர்ந்து தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சானது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர் எழுதும்போது எங்கே இடறுவார் என்ற கவலையிலிருந்து பிறந்த புத்தகம். இங்கிலீஷ்காரருக்கான பெரிய அகராதிகள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்தக் கவலை அவற்றுக்குக் கிடையாது.

சரி, இனி அசைவுக்கு வருவோம். இங்கே அகராதி சற்றுத் திணறுகிறது.

‘அஜைல்’ என்று தேடினால், வேகமாகவும் சுலபமாகவும் அசையக்கூடிய என்று விளக்கம் இருக்கும், இணைச்சொல் ‘நிம்பிள்’ என்று காட்டும். ‘நிம்பிள்’ பக்கத்துக்குப் போனால் அதே விளக்கம், இணைச்சொல் ‘அஜைல்’. இது கையைப் பார்த்துக் காலைக் காட்டும் கதை. ‘தின்’ குடும்பத்துக்கு அவ்வளவு பொறுமையாக வித்தியாசம் சொன்னவர்கள், இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நாட்டியம் எழுதுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு தில்லானாவில் தீர்மானம் என்னும் தாள முத்தாய்ப்புக்குப் பாதங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் பறக்கின்றன. நாடகத்தில் அனுமன் வேடக்காரர் மேடையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஒரே தாவலில் போகிறார். இரண்டும் வேகம்தான், சுலபம்தான். ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் படிக்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

லாங்மேன் கன்டெம்பரரி இங்கிலீஷ் அகராதி இந்த இடத்தில் ஜெயிக்கிறது. அதுவும் இணையத்தில் இலவசம். 1978இல் முதல் பதிப்பு வந்தபோதே, சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் எல்லா விளக்கத்தையும் அடக்குவது என்று வைத்துக்கொண்ட அகராதி. ‘நிம்பிள்’ என்ற சொல்லுக்கு அது வேகமாகவும் சுலபமாகவும் என்பதோடு நிறுத்தவில்லை. இலேசான, திருத்தமான அசைவுகளோடு என்று சேர்க்கிறது. அந்த ஒட்டு வந்ததும் படம் தெளிந்துவிடுகிறது. ‘நிம்பிள்’ விரலுக்கும் பாதத்துக்கும் உரியது, நாம் லாகவம் என்போமே அந்த மாதிரி. பூக்கட்டுகிறவர் விரல், மிருதங்கக்காரர் விரல், தீர்மானத்தில் ஆடுகிறவர் பாதம். ‘அஜைல்’ முழு உடம்பின் சுறுசுறுப்பு. தாவவும் திரும்பவும் குனியவும் நிமிரவும் முடிகிற உடம்பு. அனுமனுக்கு அதுதான். இந்த இரண்டாவது பாகுபாடு எந்த அகராதியிலும் எழுதியிருந்து நான் எடுத்ததில்லை. எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்துப் படித்து நானே எட்டிய முடிவு.

‘லைத்’, ‘சப்பிள்’ விஷயத்தில் ஆக்ஸ்ஃபோர்டே நன்றாகச் சொல்கிறது. ‘சப்பிள்’ என்றால் உடம்பின் உறுப்புகளை எந்த நிலைக்கும் சுலபமாக வளைக்க முடிகிற திறன். ‘லைத்’ என்றால் அப்படி வளைவதும் அசைவதும் கண்ணுக்கு அழகாகவும் இருக்க வேண்டும். சிதம்பரம் கோபுர வாசலில் உள்ள 108 கரணச் சிற்பங்களை மேடையில் செய்துகாட்டும் நிகழ்ச்சி என்றால், முதுகுக்கு ‘சப்பிள்’, அந்த ஆள் மேடையில் நடமாடும் விதத்துக்கு ‘லைத்’ என்று பிரித்து எழுதலாம். யோகாசனம் செய்யும் தாத்தாவும் ‘சப்பிள்’தான். அவரை ‘லைத்’ என்று எழுத எனக்குக் கை வராது.

‘கிரேஸ்ஃபுல்’, ‘எலிகண்ட்’ இரண்டும் நாட்டிய விமர்சனங்களில் உப்புப் போல எல்லாவற்றிலும் தூவப்படுகின்றன. முதலாவதில் கட்டுப்பாடான, கவர்ச்சியான அசைவு என்பது முக்கியம். இரண்டாவதில் நளினத்தோடு ரசனை, பாங்கு என்பதும் சேர்கிறது. அதனால் நான் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம்: அசைந்தால் ‘கிரேஸ்ஃபுல்’, உட்கார்ந்திருந்தாலும் தெரிந்தால் ‘எலிகண்ட்’. பாட்டுக்காரர் பக்கத்தில் நட்டுவாங்கத்துக்கு அமர்ந்திருக்கும் குரு எலிகண்ட். அவருடைய மாணவி கிரேஸ்ஃபுல். இதோடு ‘கிரேஷஸ்’ என்ற மூன்றாவதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது உடம்பைப் பற்றிய சொல்லே இல்லை, கனிவும் பெருந்தன்மையும் பற்றியது. தலைமை விருந்தினருக்கு நன்றி சொல்லும்போது வரலாம். அலாரிப்பு ஆடுகிறவருக்கு வரக்கூடாது.

தோற்றமும் அசைவும் ஒரே சொல்லில் பின்னிக்கிடக்கும் இடங்களில் இந்த அகராதி என்னை அசத்துகிறது. ‘லாங்கி’ என்பதை உயரமான, கைகால் நீண்ட என்ற அளவில்தான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். விளக்கத்தின் பின்பாதியைப் பாருங்கள்: நீண்டு மெலிந்த கைகால்களோடு, பாந்தமில்லாமல் அசைகிறவர். ஆக, ‘லாங்கி’ என்று ஒரு நடனமணியை எழுதினால் அவருக்கு ஆட வராது என்று எழுதியதாகிவிடும்! உயரம் நல்ல விஷயமாகத் தெரிய வேண்டுமானால் நீண்ட, ஸ்லெண்டர் கைகள் என்று பிரித்து எழுதுவதுதான் வழி. ‘ஸ்டேட்லி’ இதற்கு நேர் எதிர். உருவத்திலும் தோரணையிலும் கம்பீரம் என்பது ஒரு பொருள். மெதுவாக, முறையாக, நளினமாக என்பது இன்னொன்று. மல்லாரி என்னும் நாகஸ்வர இசைக்குச் சுவாமி புறப்பாட்டை நடந்துகாட்டும் நடைக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல் எனக்குக் கிடைத்ததில்லை.

‘ஸ்மார்ட்’ கூட அப்படித்தான். பிரிட்டிஷ் வழக்கில் நறுவிசாக உடுத்தியவர், அமெரிக்க வழக்கில் புத்திசாலி என்பது பலருக்குத் தெரியும். அதே சொல்லுக்குள் விசையான, வேகமான அசைவு என்ற பொருளும் கிடக்கிறது. வேகநடை போட்டுக் கிளம்பினோம் என்கிற மாதிரி. நம் ‘மிடுக்கு’ மாதிரியேதான்: உடையிலும் மிடுக்கு, நடையிலும் மிடுக்கு. இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஃபாஸ்ட், குயிக், ராபிட் மூன்றுக்கும் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. வேகமாகப் போகிற ஆளுக்கும் வண்டிக்கும் முதலாவது, சீக்கிரம் முடிந்துவிடுகிற காரியத்துக்கு இரண்டாவது, மாற்றத்தின் வேகத்துக்கு மூன்றாவது. அவ்வளவுதான், ஆனால் அந்த அளவே போதுமானதாக இருக்கிறது. அஜைலுக்கும் நிம்பிளுக்கும் இப்படி இரண்டு வரி போட்டிருக்கலாம்.

புத்தகமாக வாங்குவதா, இணையத்திலேயே பார்ப்பதா? புத்தகம் 1,500 பக்கங்களுக்கு மேல், எழுத்து பொடி, மடியில் வைத்துப் படிக்கிற எடை இல்லை, மேசை வேண்டும். நான் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகத்தான் கொடுத்தேன். இணையதளத்தில் உச்சரிப்பை ஒலியாகவே கேட்கலாம். மேடையில் வாசிக்கிறவர்களுக்கு அது அவசியம். ஆனால் விளம்பரங்கள் கண்ணை இழுக்கின்றன, அப்புறம் அங்கே நாம் தேடிய சொல் மட்டும்தான் கிடைக்கும். புத்தகத்தில் ஒன்றைத் தேடப் போய்ப் பக்கத்தில் இருப்பதும் கண்ணில் படும். ‘ஸ்லெண்டர்’ பார்க்கப் போன இடத்தில் ‘ஸ்லிம்’ எதிர்ப்படும். கல்லூரி மாணவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், விளம்பர வாசகம் எழுதுகிறவர்கள் புத்தகத்தையே வாங்கலாம். எப்போதாவது ஒரு கடிதம் எழுதுகிறவருக்கு இணையம் போதும். நாட்டியம், விளையாட்டு, உடற்பயிற்சி என்று அசைவையே எழுதுகிறவர்கள் லாங்மேன் தளத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

10ஆம் பதிப்புக்குக் கூடுதல் காசு கொடுக்க யோசிக்கிறவர்கள் 9ஐயே வாங்கலாம். ஒல்லியும் குண்டும் அழகும் இடையில் பொருள் மாறிவிடவில்லை. பழைய புத்தகக் கடையில் எடுப்பதானால் அட்டை பிய்ந்திருந்தாலும் பரவாயில்லை. பியூட்டிஃபுல், ஃபேட், தின் கட்டங்கள் வரும் ‘பி’, ‘எஃப்’, ‘டி’ எழுத்துப் பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.